கடல் கடந்த தாதமார்க்கம்



உயிர் அநாதி என்பது நம் சித்தாந்தத்தின் முடிபு. இறைவன் உயிரைப் புதிதாகப் படைத்தானல்லன். ஈன்றோர் அதனைத் தோற்றுவித்தாருமல்லர். பதி பசு பாசம் என்னும் முப்பொருளும் என்றும் உள்ளன என்று கொண்ட நாம், தந்தையார்க்குக் கடன்பட்டோம் என்று சொல்லுங்கால், எதன்பொருட்டுக் கடன்பட்டோம் என்பதனை ஆராய்ந்து தெளிதல் வேண்டும். உடம்பு தந்தமையால் எனின், அவ்வுடம்பு மாயையின் காரியம். வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்பட்டது. உணவும் உடையும் தந்தமையால் எனின், அவையும் வினைவழி வந்த போகங்களேயாம். பின்னர்த் தந்தையார் செய்தது யாது?

தனு கரண புவன போகங்களை உயிர்க்குக் கூட்டுவிக்கும் இறைவன், அதனை ஒரு வாயில் வழியாகவே நிகழ்த்துகின்றான். அவ்வாயிலாக நிற்போர் தாயுந் தந்தையும் ஆவர். மேலும், தனக்கு மேற்பட்டான் ஒருவன் உளன் என்பதனையும், அவன் தன்மாட்டு அன்புடையன் என்பதனையும், தன் நலங் கருதியே தன்னைக் கண்டிக்கின்றான் என்பதனையும் இவ்வுலகிற் பிறந்த உயிர் முதன்முதற் கற்பது தந்தையிடத்தேயாம். இறைவனை அப்பன் என்று அடியார்கள் அழைத்தமைக்கும் அதுவே காரணம். ஆதலின் தந்தையை நினைத்தல் என்பது அருள் வந்த வாயிலை நினைத்தலாகும். வாயிலை நினைந்தவர் உள்ளிருக்கும் உடையானை மறவார்.

அவ்வியைபு பற்றியே எந்தையாரைக் குறித்துச் சில கூறத் துணிந்தேன். அவர் புலவரல்லர், செல்வரல்லர், திருமடங்களோடு பழகும் வாய்ப்புப் பெற்றவருமல்லர். மலாயா நாட்டுக் கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றில் 40 ஆண்டு பால்மரம் வெட்டிப் பிழைத்த கூலியாள். அவர் வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்பது மகனுக்கு இயல்பாகிய பற்றினால் மட்டுமன்று. ஆதீனமும் ஆகமவிதிப்படி அமைந்த கோயிலும் ஓதுவார் இசையும் எட்டாத வேற்றுநாட்டிலே, வயிற்றுப்பாட்டிற்காக நாள்தோறும் பிறர்க்கு உழைக்கும் ஒருவன் சரியை நெறியில் வழுவாது நிற்றல் கூடுமோ என்பது ஆராயத்தக்கதொரு வினா. அவ்வினாவிற்கு அவர் வாழ்க்கை ஒரு விடையாகும் என்பது அடியேன் கருத்து.

எந்தையார் நாகைக்கு அணித்தாகிய ஒரு சிற்றூரில் 1910-ஆம் ஆண்டிற் பிறந்தார். உழவுக்கூலியாற் பிழைத்த குடும்பம். அக்காலத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணிமார் சோழநாட்டு ஊர்தோறும் வருவர். முன்பணங் கொடுத்தும், பச்சைமரத்திற் பால் வடிகிறது, அதனை எடுப்பதே வேலை என்று இனிக்கக் கூறியும் இளைஞரை அழைத்துச் செல்வர். பெற்ற கடனை அடைப்பதற்கு வேறு வழி காணாத எந்தையார் 1928-ஆம் ஆண்டில், தமது 18-ஆம் வயதில், நாகைத் துறையில் 'ரஜுலா' என்னுங் கப்பலில் ஏறினார். மேற்றளத்தில் வெயிலும் மழையும் தாங்கிச் சென்ற பயணம். பினாங்கினை அடைந்ததும், தொற்றுநோய் உண்டோ என்று பார்த்தற்பொருட்டு, செரஜாக் என்னுந் தீவில் அவரைச் சில நாள் தடுத்து வைத்தனர். பின்னர்க் கெடாவின் சுங்கை பட்டாணிக்கு அண்மையில் உள்ள தோட்டத்தில் லயத்து அறையொன்று அவர்க்கு வீடாயிற்று.

அவர் கொண்டுசென்ற தகரப்பெட்டியில் இருந்தவை இரண்டு வேட்டி, ஒரு திருநீற்றுப் பை, அகத்தியர் தேவாரத் திரட்டு ஒரு படி. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே அவர் பயின்றிருந்தார். ஆயினும் அத்திரட்டின் 25 பதிகங்களையும் காலப்போக்கில் வாய்ப்பாடமாக்கிக் கொண்டார். பண்ணறிந்து பாடினாரென்று கூறல் இயலாது. பிழையின்றிச் சொன்னார் என்பதே உண்மை. ஊரைவிட்டுப் புறப்படுமுன் சமய தீக்கை பெற்றிருந்தார். விசேட தீக்கையும் நிருவாண தீக்கையும் அவர்க்கு வாய்க்கவில்லை. எனவே, நூன்முறைப்படி அவர்க்கு உரிய நெறி சரியையே. அதற்கு மேற்பட்டதனை அவர் தமக்கு உரித்தென்று ஒருபோதுங் கூறிக்கொண்டதில்லை.

இனி அவர்தந் தொழிலைச் சிறிது கூறுதல் வேண்டும். விடியற்கு முன்னர்ப் பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து, இருளிலேயே காட்டுக்குள் நுழைதல் வேண்டும். குளிர்ச்சியுள்ள வைகறையிலேயே பால் மிகுதியாக வடியும். வெயில் ஏறின் வடிதல் குன்றும். ஏறத்தாழ 400 மரங்கள் ஒருவர் பங்கு. ஒவ்வொரு மரத்திலும் முன்னைய வெட்டின் ஓரத்திற் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பட்டையை மெல்லியதாகச் சீவி, மங்கினை நிமிர்த்தி வைத்து, அடுத்த மரத்திற்கு விரைதல் வேண்டும். நண்பகலை நெருங்குங்கால் திரும்பி வந்து, மங்குகளிற் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாக் கழியில் தோள்மேற் சுமந்து ஆலைக்குக் கொண்டு சேர்ப்பர். மழை பெய்யின் வெட்டு இல்லை; வெட்டு இல்லாத நாளிற் கூலியும் இல்லை.

இத்தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. பட்டைக்கும் மரத்திற்கும் இடையே, மரத்தின் வளர்ச்சிக்கு நிலைக்களமாகிய உயிர்ப்படலம் ஒன்று உள்ளது. கத்தி அதனைத் தீண்டாமல், ஒரு மில்லிமீட்டர் அளவேனும் பட்டையை விட்டுச் சீவுதல் வேண்டும். ஆழமாக வெட்டினால் அன்று பால் மிகும். ஆயின் அவ்விடத்திற் புண் உண்டாகிப் பட்டை மீண்டும் ஒழுங்காக வளராது. அளவறிந்து வெட்டிய இடத்தில் ஏழெட்டு ஆண்டுகளிற் புதுப்பட்டை வளர்ந்து, மரம் மறுமுறையும் பயன்தரும். பால் எடைக்கேற்ப மிகுதிப்பணம் கிடைத்த காலங்களில் ஆழ வெட்டியோர் பலர். எந்தையார் வெட்டிய மரங்களிற் புண் காணல் அரிது என்று மண்டோரும் கிராணியும் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அவர் கூறிய காரணம் ஒன்றே: "வாய் இல்லாத உயிர், தம்பி. வலிக்கிறது என்று அது சொல்லாது. நாம்தான் அறிந்து நடக்க வேண்டும்." சீவகாருணியத்தைப் பற்றி யான் பின்னாளிற் கற்ற நூல்களெல்லாம் இவ்வொரு சொல்லிற்கு உரையாகவே எனக்குத் தோன்றின.

ஈண்டு ஓர் ஆசங்கை எழும். கூலிக்குப் பால்மரம் வெட்டுதல் சிவத்தொண்டு ஆகுமோ? ஆகாது. அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நன்று. திருவலகிடுதல், திருமெழுக்கிடுதல், மலர் பறித்து மாலை தொடுத்தல், திருவிளக்கேற்றுதல், இறைவன் புகழ் பாடுதல், அடியாரைக் கண்டு பணிந்து ஏவல் கேட்டல் முதலியனவே சரியை என்று சித்தியார் வகுத்தது. உழைப்பெல்லாம் வழிபாடே என்று பொதுப்படக் கூறுவார் கூற்று நம் நூல்களோடு இயையாது. உழைப்பு வினை; அது நல்லூதியத்தையும் தரும், தீயூதியத்தையும் தரும். கூலிக்கு உழைத்த எல்லாருஞ் சரியையாளராயின், சரியை என்றொரு நெறியை ஆசிரியர் வகுத்தல் வேண்டா.

ஆயின் பெரியபுராணத்துட் காணும் இரண்டு அடியார் வரலாறு நமக்கு வழிகாட்டும். எந்தையார் கப்பலேறிய அந்நாகைக் கடற்கரையில் வாழ்ந்தவர் அதிபத்த நாயனார். மீன் பிடித்தல் அவர் குலத்தொழில். அஃது அவர் சிவத்தொண்டு அன்று. பிடித்த மீன்களில் ஒன்றினை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலில் விடுத்தமையே தொண்டு. ஒரு மீனே கிடைத்த நாள்களிலும் அவ்வொன்றினையே விடுத்துத் தாம் பட்டினி கிடந்தார். பொன்மயமாகிய மீன் கிடைத்தபோதும் அதனையே விடுத்தார். திருவொற்றியூர்க் கலிய நாயனாரோ செல்வம் முழுதும் திருவிளக்கிற்கே செலவாகியபின், கூலிக்குச் செக்காட்டி, அக்கூலிகொண்டு விளக்கேற்றினார். செக்காட்டியது பிறர்க்கு, விளக்கேற்றியது இறைவனுக்கு. அக்கூலிவேலை சரியையன்று, ஆயினும் சரியைக்கு எண்ணெய் ஆயிற்று. வினையின் பயனில் ஒரு கூற்றினை இது என்னுடையது அன்று என்று பிரித்து வைக்கும்பொழுது அவ்வினையிற் பற்று அறத் தொடங்குகின்றது. இவ்விரண்டு நாயன்மாரும் தொழிலாற் சிறந்தவரல்லர். பிரித்து வைத்தமையாற் சிறந்தவர்.

எந்தையார் கைக்கொண்டதும் அம்முறையே. மாதந்தோறும் கூலி பெற்றவுடன், லயத்துச் சுவரிற் பதித்திருந்த மூங்கிற் குழாயில் ஒரு பகுதியை இடுவார். அஃது அரிசி வாங்கவோ மருந்து வாங்கவோ திறக்கப்பட்டதில்லை. அதனின்று தோட்டத்துக் கோயிலுக்கு எண்ணெய். ஆண்டுக்கொருமுறை, மாசிச் சிவராத்திரிக்கு முன், நாகைக் காரோணத்து இறைவன் திருவிளக்கிற்கு ஒரு மணியார்டர். நாள்தோறும் மாலையில், சேறும் பாலும் கழுவிக் குளித்தபின், கோயில் முற்றத்தை அலகிட்டு, மெழுகி, விளக்கேற்றி, ஒரு பதிகம் சொல்லி வருவார். காய்ச்சல் கண்ட நாள்களில் என் அன்னையார் அதனைச் செய்வார். அன்னையாரும் அத்தோட்டத்திற் பால் வெட்டியவரே.

அத்தோட்டத்துக் கோயில் மாரியம்மன் கோயிலாக இருந்தது. சிவாகமங்களிற் பயின்ற அன்பர் சிலர்க்கு இஃது ஒரு குறையாகத் தோன்றலாம். வழிபடுவோன் எத்தெய்வத்தைக் கருதினும், அத்தெய்வமாய் நின்று அவ்வழிபாட்டை ஏற்று அருள்பவன் உமையொருகூறனே என்பது சித்தியாரிற் கூறப்பட்ட துணிபு. எந்தையார் இத்துணிபினை நூலிற் கற்றவரல்லர். ஆயினும் அம்மையின் திருமுன் நின்று சிவபெருமான் பதிகத்தையே சொல்லுவார். அம்மையை வணங்குவோர் அப்பனை வேறாக வணங்குவதில்லை என்பது அவர் எண்ணம். சத்தியும் சிவமும் குணமும் குணியும் போலப் பிரிப்பின்றி நிற்பன என்னும் நம் கொள்கைக்கு அஃது ஒத்ததேயன்றோ?

அவரைப் போன்றாரை உலகம் அழைத்த பெயர் ஒன்று உண்டு. 'கூலி' என்னும் நம் தமிழ்ச்சொல்லை அயலார் தம் மொழியிற் கொண்டு, உழைப்பின் ஊதியத்தைக் குறித்த அதனை உழைப்பவனுக்கே இழிபெயராக வழங்கினர். அப்பெயரைக் கேட்டு எந்தையார் சினந்ததில்லை, நாணியதுமில்லை. வையைக் கரையிலே வந்தி என்னும் முதியவளுக்குக் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டினைக் கூலியாகப் பெற்று, கூடையிற் கரைமண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படியும் பட்ட பெருமானை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆலவாய் அடிகள் தாமே ஏற்றுக்கொண்ட பெயர் நமக்கு எங்ஙனம் இழிவாகும் என்பார். "நம் தோட்டத்தில் அவர் அப்படிப் பாடியும் ஆடியும் உறங்கியும் இருந்தால், மண்டோர் அன்றைய கூலியைப் போட்டிருக்கமாட்டார்" என்று கூறிச் சிரிப்பார். அச்சிரிப்பினுள் ஒரு சித்தாந்தம் உண்டு. அரசன் முதலாக அங்கிருந்தார் யாவர்மேலும் அவ்வடி பட்டமையால், கூலியாளை அடித்த அடி எல்லா உயிர்க்கும் உயிராய் நிற்கும் முதலையே சாரும் என்பது விளங்குகின்றது. எளியாரை அடிப்போர் இதனை நினைத்தல் வேண்டும்.

இன்பதுன்பங்களை அவர் ஏற்றுக்கொண்ட முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகமெங்கும் வணிகம் வீழ்ந்தபோது இரப்பர் விலையும் வீழ்ந்தது, கூலி குறைக்கப்பட்டது, பல்லாயிரவர் வேலையிழந்து தாய்நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கொரியப் போரினால் 1950, 1951-ஆம் ஆண்டுகளில் அதே இரப்பர் விலை மிக உயர்ந்து, தோட்டங்களிற் பணம் புழங்கிற்று. முன்னைக் காலத்தில் மூங்கிற் குழாயின் பங்கினை அவர் குறைத்தாரல்லர் என்று அன்னையார் கூறுவார். பின்னைக் காலத்தில் தம் உணவையும் உடையையும் அவர் மிகுத்தாரல்லர். இதனை இருவினையொப்பு என்று துணிந்து கூற யான் முற்படேன். இருவினையொப்பாவது உலகியல் வரவு செலவுகளிற் கலங்காமை மட்டுமன்று. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒருதன்மையவாகக் கண்டு இரண்டினும் உயிர்க்கு விருப்பு வெறுப்பு நீங்குதல். அந்நிலையை இறைவனே அறிவான். ஆயினும் பெருமரத்தின் நிழல் அது நிற்கும் திசையைக் காட்டுதல்போல, அவர் வாழ்க்கை அந்நிலையின் திசையைக் காட்டிற்று என்பதிற் பிழையில்லை.

அவருக்கு நேர்ந்த பெருஞ்சோதனை உலகப்போரின்போது வந்தது. 1941-ஆம் ஆண்டு திசம்பரில் சப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942-ஆம் ஆண்டு முதல் 1943-ஆம் ஆண்டு அக்டோபர் வரை, சயாமிலிருந்து பர்மாவிற்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இடுவித்தனர். அதன்பொருட்டுத் தோட்டத் தொழிலாளரை ஆசைகாட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டு சென்றனர். அவ்வேலையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுவர். மலாயாத் தோட்டத்துத் தமிழர் அவருட் பல்லாயிரவர். 1943-ஆம் ஆண்டில் எந்தையாரும் கொண்டு செல்லப்பட்டார். அங்கு நிகழ்ந்தவற்றை அவர் எம்மிடம் விரித்துரைத்ததில்லை. அவரோடு சென்று அவரோடு மீண்ட முதியவர் ஒருவர் உரைத்ததனையே ஈண்டுக் கூறுகின்றேன்.

மழைக்காலத்தில் வாந்திபேதி பரவிற்று. நோயுற்றாரைத் தனிக் குடிசையில் இட்டுவிடுவர், அணுகுவார் இலர். எந்தையார் நாள்வேலை முடிந்தபின் அக்குடிசைக்குச் சென்று, காய்ச்சிய நீர் கொடுத்து, இறக்கும் நிலையில் இருப்பார் நெற்றியில் திருநீறிட்டு, திருவைந்தெழுத்தைச் செவியருகே சொல்லி நிற்பார். நாகையிலிருந்து கொண்டுசென்ற பையிலே எஞ்சியிருந்த திருநீறு சிறிது. அதனை விரல்நுனியளவாகவே செலவிட்டு, தமக்கு இட்டுக்கொள்ளுதலையும் நிறுத்தினாராம். அதுவும் தீர்ந்தபின் திருவைந்தெழுத்து மட்டுமே எஞ்சியது. காசியில் உயிர்நீப்பார்க்கு இறைவன் தாரகத்தைச் செவியில் ஓதுவான் என்பர். எந்தையார் செய்தது உபதேசம் அன்று. உபதேசிக்கும் உரிமையும் அவர்க்கில்லை. வழித்துணையாய் நின்று, வழிச்செல்வான் மறந்துவிட்ட பெயரை நினைவூட்டுவார் செய்யும் உதவியே அது. "உமக்கு அச்சமில்லையோ?" என்று அம்முதியவர் வினாவியபோது, "அச்சம் உண்டு. ஆனால் அவர்கள் தனியாகப் போகிறார்களே" என்றாராம்.

இங்கே சரியையின் ஓர் உறுப்பு விளங்குகின்றது. அடியாரைக் கண்டு பணிந்து ஏவல் கேட்டல் என்று முன்னர்க் கூறினோம். கோயில் இல்லை, விளக்கு இல்லை, மலர் இல்லை, ஈற்றில் திருநீறும் இல்லை. சரியையின் கருவிகள் எல்லாம் பறிக்கப்பட்ட அந்நிலையிலும் அவர் தொண்டு ஒழியவில்லை. தொண்டு கருவிகளிலே தொடங்கினும், கருவிகளோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? சங்கம வழிபாட்டினைத் திருவேடம் பூண்டார்க்கு மட்டும் உரித்தாக்கிப் பேசுதல் முறையே. ஆயினும் சிவனை நினைப்பிக்க நெற்றியில் நீறிட்டவுடன் அவ்வுயிரும் திருவேடத்திற்கு உரியதாயிற்று என்று அவர் கொண்டார் போலும்.

போர் முடிந்து 1945-ஆம் ஆண்டில் எலும்பும் தோலுமாய் அவர் மீண்டார். அவர் இல்லாத காலமெல்லாம், மண்ணெண்ணெயும் கிடையாத நிலையில், தேங்காயைத் துருவிக் காய்ச்சி எடுத்த எண்ணெயால் அன்னையார் கோயில் விளக்கை ஏற்றிவந்தார். அடுத்த ஆண்டில் அடியேன் பிறந்தேன். தமக்குத் தீங்கு செய்தாரைப் பற்றி அவர் வைது பேசக் கேட்டதில்லை. வற்புறுத்தி வினாவினால், "அவரவர் வினை அவரவரைச் சேரும், நாம் அதில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ள வேண்டா" என்பார். பகை கொள்ளுதல் ஆகாமியம் ஈட்டுதலாம் என்பதனை இதனினும் எளிதாக உரைத்தாரை யான் கண்டிலேன்.

1957-ஆம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்றது. பிறந்த நாட்டிற்குத் திரும்புவதா, புகுந்த நாட்டிற் குடியுரிமை பெறுவதா என்ற வினா அவர் போன்றார் பலர்க்கும் எழுந்தது. அவர் மலாயாவின் குடியுரிமையைப் பெற்றார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட அக்காலத்தில், தொழிலாளர் தம் பணத்தாலேயே தோட்டங்களை வாங்குதற்பொருட்டு 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முயற்சியால் தோன்றிற்று. அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். எந்தையாரும் சிறுகச் சிறுகக் கட்டி அதில் ஒரு பங்கு பெற்றார். ஆயினும் வந்தேறி என்று அவரைச் சுட்டுவோர் அங்கும் இருந்தனர். கடல் கடந்தவன் என்று ஒதுக்குவோர் இங்கும் இருந்தனர். இரண்டிற்கும் அவர் விடை ஒன்றே: "இந்த உடம்புக்கே நாம் வந்தேறிதானே!"

இச்சொல்லைச் சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரத்தோடு வைத்து எண்ணுதல் தகும். அரசகுமரன் ஒருவன் வேடர் குடியில் வளர்ந்து தன்னை வேடனென்றே மயங்கியிருக்க, தந்தையாகிய அரசன் உண்மை உணர்த்தி அழைத்துக்கொள்ளுதல்போல, ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு, இறைவனே குருவாய் வந்து உணர்த்துவன் என்று அங்கு ஓதப்படுகின்றது. தான் வாழும் இடம் தனக்கு உரிய இடமன்று என்று அறிந்த உயிரே தன் தந்தையின் குரலைச் செவிமடுக்கும். உடம்பையும் உலகையும் தன் சொந்த வீடென்று கொண்டாற்கு அக்குரல் கேளாது. புலம்பெயர்ந்து வாழ்வார்க்கு இவ்வுண்மை நாள்தோறும் நெஞ்சிற் படுகின்றது. அதனைத் துன்பமாக மட்டுங் கொள்வார் உளர். எந்தையார் அதனைப் பாடமாகக் கொண்டார்.

அன்பர்களே, கெடா என்பது பழைய கடாரமேயாம். முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் அதன்மேற் கடற்படை செலுத்தினான். அதற்குச் சின்னாள் முன்னர், கடாரத்தைத் தன்னகத்துக் கொண்ட ஸ்ரீவிசய அரசன் சார்பில் நாகைக் காரோணத்து இறைவனுக்கு அணிகலன்கள் அளிக்கப்பட்டமையை அக்கோயிற் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. கடாரத்து வேந்தன் பொன்னனுப்பிய அதே சந்நிதிக்கு, ஏறத்தாழ 900 ஆண்டுகளின் பின் கடாரத்துக் கூலியாள் ஒருவர் ஓர் இரவின் விளக்கிற்குப் பணம் அனுப்பினார். கல்லில் எழுதப்பட்டது ஒன்று; எழுதப்படாதது ஒன்று. ஏற்றவன் ஒருவனே.

அந்நாட்டில் செராய் மலையடிவாரத்திலே, புக்கிட் பத்து பகாட் என்னுமிடத்திற் பழங்கோயில் ஒன்றன் அடித்தளம் உள்ளது. குவாரிச் வேல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் அதனை அகழ்ந்து கண்டார். 1960-ஆம் ஆண்டில் அது சீர்படுத்தி அமைக்கப்பட்டது. சிவாலயம் என்றே ஆராய்ச்சியாளர் பலரும் அதனைக் கருதுவர். 1962-ஆம் ஆண்டில் எந்தையார் அடியேனை ஆங்கு அழைத்துச் சென்றார். சென்றவுடன் ஒரு மரக்கிளையை ஒடித்து, படிகளில் உதிர்ந்து கிடந்த சருகுகளை அலகிடலானார். மூர்த்தமும் இல்லாத, பூசையும் இல்லாத இடத்தில் யாருக்காக அலகிடுகின்றீர்கள் அப்பா என்று வினாவினேன். "நமக்கு முன்னே வந்து இருந்தவர் வீடு, தம்பி" என்று மட்டும் சொன்னார். கடல் கடந்து செல்லுதல் முறையோ என்று ஆராய்வார்க்கும் இதுவே விடையாகும். எங்கும் நிறைந்தவனுக்கு அக்கரை என ஒன்று இல்லை. நாம் செல்லுமிடமெல்லாம் அவன் முன்னரே சென்றிருக்கின்றான். நாம் செய்யவேண்டுவது வாயிலை அலகிடுதலே.

1979-ஆம் ஆண்டில் எந்தையார் சிவபதம் அடைந்தார். முதுமையில் ஒருநாள், தாம் பயன்படுத்திய பால்வெட்டுக் கத்தியைப் பற்றிக் கூறினார்: "கத்தியும் தோட்டத்தார் கத்தி, வாளியும் தோட்டத்தார் வாளி. வேலையை விட்டபோது துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். இந்த உடம்பும் அப்படித்தான். துடைத்துக் கொடுக்க வேண்டும்." தனு கரண புவன போகம் நான்கும் உடையானுடையன, உயிர் அவற்றைக் கடனாகப் பெற்றது என்று நாம் நூல்வழிக் கூறுவதனை அவர் கைவழி அறிந்திருந்தார். துடைத்துக் கொடுத்தல் என்ற அச்சொல்லிற் சரியையின் பயன் முழுதும் அடங்கும். உள்ளத்து அழுக்கினை நாள்தோறும் சிறிது துடைப்பதே தாதமார்க்கம். அதன் பேறு சாலோகம். அடுத்தடுத்த படிகளில் ஏற்றுதல் தலைவன் கடன்.

இனித் திருமடங்களைச் சார்ந்த பெரியோர்க்கும் சைவ அறிஞர்க்கும் அடியேன் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்று உண்டு. அத்தோட்டங்கள் பலவும் இன்று இல்லை. இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனையும் குடியிருப்புக்களும் அவ்விடங்களில் எழுந்துள்ளன. லயங்களில் வாழ்ந்தோர் நகரங்களிற் சிதறினர். அவர்தம் சிறு கோயில்கள் பல இடம்பெயர்ந்தன, சில மறைந்தன. அங்கு வாழ்வார் நெற்றியில் திருநீறு இன்றும் உண்டு. ஆயின் அதன் பொருளுரைப்பார் எல்லா ஊரிலும் இலர். தேவாரத்தைச் செவிவழி காத்த தலைமுறை மறைந்துவிட்டது. சரியையாளரை எண்ணும்போது நம் கண்முன் உள்ள கோயில்களை மட்டும் எண்ணுதல் போதாது. எழுதப்படாத அத்தொண்டர்களையும் தொகையில் அடக்கி வணங்குதல் வேண்டும். அவர் வழிவந்தார்க்குச் சமய தீக்கை அளிப்பாரும், திருமுறை பயிற்றுவாரும், சித்தாந்தத்தை எளிய தமிழிற் சொல்வாரும் நம்மிடமிருந்து செல்லுதல் வேண்டும். தந்தையர் அலகிட்டுக் காத்த முற்றத்திலே மைந்தர்க்கு விளக்கேற்றிக் கொடுத்தல் நம் கடன்.

மண்சுமந்த பெருமான் மரஞ்சுமந்தாரையும் மறவான். அவன் திருவடி நிழலில் எந்தையாரும், அவரொடு உழைத்து அந்நாட்டு மண்ணிற் கலந்த எல்லா உயிர்களும் இளைப்பாறுவனவாக.

திருச்சிற்றம்பலம்.